சீட் அருள்மேரியும் செட்டிங் எல்லப்பனும்

வல்லம் வடகாலில் லாரி நிறுத்தும் மைதானத்துக்குக் காவல் நடேசன். வயது அறுபத்துமூன்று. பன்னிரண்டு மணி நேரமும் ஓர் இரும்பு நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். அதன் பலகை எப்போதோ உடைந்துபோய், குறுக்கே இரண்டு கம்பிப் பட்டைகள் மட்டும் மிச்சம். அட்டைப்பெட்டியை மடித்துப் போட்டுக்கொள்வார். மழை பெய்தால் அதுவும் ஊறிக் கூழாகிவிடும். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் வேலைக்கு வந்தபோது நாற்காலியின் மேல் புது மெத்தை ஒன்று இருந்தது. கறுப்பு ரெக்சின், ஓரம் முழுக்க இரட்டைத் தையல். நழுவாமல் இருக்க அடியில் நான்கு நாடாக்களைக் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது.

எதிரே மெக்கானிக் கடை. நடேசன் நேராக அங்கே போய் எல்லப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்ப நைனா. பெத்த புள்ளைங்களுக்குக்கூட இது தோணல."

எல்லப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வயசான மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கும்போது, அது நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அட, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பார்த்தார். கடையின் வலது மூலையில், தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அருள்மேரி தலையைக் குனிந்து பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த இரட்டைத் தையல் யாருடையது என்று அப்போது புரிந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அவள் அங்கேயே, "ஐயா, நான்தான் தெச்சேன்" என்று சொல்லியிருந்தால் எல்லப்பனுக்கு ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்திருக்கும், அதோடு போயிருக்கும். தான் செய்த நல்லதைக்கூட அவள் அவருக்கு விட்டுக்கொடுத்தாளே, அதுதான் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

எல்லப்பனுக்கு ஊர் வடக்குப்பட்டு. வயது நாற்பத்தாறு. இந்தப் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு, வேலைக்குச் சேரும் பையன்கள் முதலில் ஆசைப்படுவது பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குக்குத்தான். யாரோ ஓட்டித் தள்ளியதாக இருக்கும், ஆனாலும் பளபளவென்று இருக்கும். அது டேங்கின் மேல் படுத்துக்கொண்டு ஓட்டுவதற்காகச் செய்த வண்டி. ஹேண்டில் தாழ்ந்திருக்கும், கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளி இருக்கும். தெருவில் நாலு பேர் பார்க்கப் பத்து நிமிஷம் ஓட்டுவதற்கு அதைப்போல ஒன்று கிடையாது. தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஷிஃப்டுக்குப் போய்வந்தால் ஒரே மாதத்தில் மணிக்கட்டு, இடுப்பு, கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கும்.

அப்போது அவர்கள் எல்லப்பனிடம் வருவார்கள். லேத்தில் கடைந்த அலுமினியத் துண்டை அடியில் கொடுத்து ஹேண்டிலை உயர்த்துவார். ஓட்டுகிறவனின் எடையைப் பார்த்துப் பின் ஸ்பிரிங்கை இறுக்குவார் அல்லது தளர்த்துவார். ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் மூன்று விரல் இறங்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்பது அவர் அளவு. பிரேக் கம்பியில் விரலை வைத்தால் மணிக்கட்டு மடங்காமல் இருக்கிறதா என்று தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்ப்பார். அவர் கைபட்ட வண்டி வளைவில் அடம்பிடிக்காமல் திரும்பும். ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் 'செட்டிங் எல்லப்பன்' என்றால் தெரியும். அந்தப் பேரைத்தான் அவர் தன் சொத்தாக நினைத்திருந்தார்.

அருள்மேரி அவரைவிட நாலைந்து வயது சின்னவள். கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில் பதினொரு வருஷம் லைனில் நின்றவள். ஒரு நாள் காண்ட்ராக்ட் முடிந்தது என்று இருநூறு பெண்களை ஒன்றாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவர் தவறிப்போய் ஒன்பது வருஷம். மகள் ஃபெபி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அருள்மேரி ஒரு பழைய தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எல்லப்பன் கடை வாசலில் வந்து இறங்கினாள்.

"அண்ணே, ஒரு மூலை குடுங்க போதும். மெஷினும் நானும் ரெண்டே பேரு. ரெண்டு பேரும் அதிகமா சத்தம் போட மாட்டோம்."

எல்லப்பன் தாராளமாகவே கொடுத்தார். கிழிந்த ரெக்சினுக்கு ஒட்டுப்போட ஒரு ஆள் இருந்தால் கடைக்கு நல்லதுதானே. அவர் கெட்டவர் இல்லை, பெரிய மனதோடுதான் இடம் கொடுத்தார். கொடுத்த இடத்தில் அவள் எப்போதும் சின்னவளாகவே இருப்பாள் என்று மட்டும் நினைத்துவிட்டார்.

காலையில் அருள்மேரி முதல் தையல் போடுமுன் சிலுவை போட்டுக்கொள்வாள். எல்லப்பன் ஸ்பேனர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த விஷயத்தில் இருவருக்கும் ஒரு நாளும் பிணக்கு வந்ததில்லை. வந்தது வேறு வழியில்.

அவள் வந்த இரண்டாவது வாரம், மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒரு பையன் வந்தான். எல்லப்பன் வழக்கம்போல் ஹேண்டிலைக் கழற்றப் போனார். அருள்மேரி மெஷினை நிறுத்தினாள்.

"தம்பி, கைவலி கையில இல்ல. உன் சீட்டு முன்னால சரிஞ்சு கீது. நீ வழுக்கிகினே போய் டேங்க்ல முட்டுற. ஒடம்ப நிறுத்தறதுக்குக் கைய ஊனிக்கற. வழுக்கறத நிறுத்து, கை தானா சும்மா இருக்கும்."

அப்படியே ஆயிற்று. அவள் சீட்டின் முன்பக்கத்தை ஃபோம் வைத்து மேடாக்கிச் சமன் செய்தாள். அந்தப் பையனுக்கு ஒரு வாரத்தில் வலி நின்றது. பதினெட்டு வருஷமாகக் கைவலிக்கு ஹேண்டிலையே பார்த்துக்கொண்டிருந்த எல்லப்பனுக்கு, வேறு எங்கோ வலி ஆரம்பித்தது.

அவள் வேலை செய்யும் முறையே வேறு. மெல்லிய பாலித்தீன் உறையில் ஈர மணலைப் பரப்பி, சீட்டின் மேல் வைத்து, ஆளை ஏறி உட்காரச் சொல்வாள். ஐந்து நிமிஷம் கழித்து இறங்கச் சொன்னால், எலும்பு அழுத்திய இடத்தில் இரண்டு குழிகள் தெரியும். அதைப் பார்த்து, பேக்கரியில் ரொட்டி அறுக்கும் நீளக் கத்தியால் ஃபோமை இழை இழையாக அறுப்பாள். அடியில் கெட்டி, மேலே மெத்து. ஆனால் காலையில் யார் வந்தாலும் அளவெடுக்க மாட்டாள்.

"இப்ப ஒக்காந்தா எல்லாரும் போட்டோ புடிக்கிற மாரி நெட்டுனு ஒக்காருவீங்க. அது ஒடம்பு இல்ல, வேஷம். வேலை வுட்டதும் அப்பிடியே வா. களைச்சுப்போன ஒடம்புதான் உண்மைய சொல்லும்."

பையன்கள் சிரித்துக்கொண்டு போவார்கள், சாயங்காலம் வருவார்கள். எல்லப்பனையும் அவள் விட்டுவைக்க மாட்டாள். "எங்க எல்லப்பண்ணே செட் பண்ண வண்டி ஞாயித்துக்கெழம ஓடற மாரி ஒரு வண்டியும் ஓடாது" என்பாள். கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எல்லப்பனும் உதட்டளவில் சிரித்துவைப்பார்.

கொஞ்ச நாளில் வண்டியை நிறுத்துகிறவர்கள் அவரைப் பார்த்ததும், "அண்ணா, அக்கா கீறாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பார்ட்ஸ் கொண்டுவந்தவன் தெருமுனையிலிருந்து போன் செய்தான். "சீட் அக்கா கடைதானே, வந்துட்டேன், எந்தப் பக்கம்?" எல்லப்பன் போனைப் பார்த்தார். எவனோ புண்ணியவான் கைபேசி வரைபடத்தில் அவருடைய கடையை 'சீட் அக்கா கடை' என்று ஏற்றிவைத்திருந்தான். கூரை அவருடையது, கரண்ட் மீட்டர் அவர் பேரில், பெட்டியில் இருக்கும் ஸ்பேனர் அத்தனையும் அவருடையது. பேர் மட்டும் அவளுடையது. அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் எல்லப்பன் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவார். இத்தனை வருஷமாக அங்கே அவர் தனக்கென்று பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்க ஒன்று இருந்தது, ஆனால் கேட்கும் விதம் தெரியவில்லை. அந்தப் பொம்பளை ஒரு வேலையிலாவது தோற்க வேண்டும் என்று சந்நிதியில் நின்று எப்படிக் கேட்பது? "முருகா, அவங்கவங்களுக்கு ஒரு எடம் கீதே, அத நீதான் காட்டணும்" என்று கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தார். சொன்னது அவர் காதுக்கே நன்றாக இல்லை. சுற்றி வளைத்துச் சொன்னாலும் சாமிக்கு நேராகவே கேட்டுவிடும். அதுதான் அவருக்குப் பயம். திருநீற்றைப் பூசிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அக்கா அம்சவல்லியின் மகன் சுபாஷ் ஒரு வண்டி வாங்கினான். வடக்குப்பட்டிலிருந்து மறைமலை நகருக்கு வேலைக்குப் போகிறவன், இருபத்தேழு வயது. நாலு வருஷம் ஓடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக். முன்பு வைத்திருந்தவன் நல்ல பருமன் போலிருக்கிறது, பின் ஸ்பிரிங் கல்லாக இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளமும் சுபாஷின் முதுகில் வந்து உட்கார்ந்தது.

"மாமா, இத மட்டும் எனக்கு ஏத்த மாரி பண்ணிக் குடு" என்றான். "எங்க லைன்ல இந்த மாரி வண்டி வெச்சிகினு நாப்பது பேரு முதுகப் புடிச்சிகினு கீறானுங்க. என் வண்டியப் பாத்துட்டு அத்தினி பேரும் வருவானுங்க."

எல்லப்பன் மனதில் அந்த நாற்பது பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். சுபாஷ் அவர்களிடம் யார் பேரைச் சொல்வான்? மாமா பேரையா, சீட் அக்கா பேரையா? இந்த ஒரு வண்டியில் விட்டால் பிறகு தனக்குப் பேரே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"ஞாயித்துக்கெழம காலைல வா. முழுசா நானே பண்றேன். சீட்டும் நானே" என்றார். ஞாயிறு என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு அவள் மாதா கோயிலுக்குப் போய்விடுவாள்.

சுபாஷ் பத்தரை மணிக்குக் குளித்து, இட்லி சாப்பிட்டு, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்தான். எல்லப்பன் ஆசையோடு வேலை செய்தார். ஸ்பிரிங்கை இரண்டு படி தளர்த்தி, ஆளை உட்கார வைத்து, மூன்று விரல் இறக்கம் பார்த்தார். ஹேண்டிலை ஓர் அங்குலம் உயர்த்தி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிள் இழுக்கவில்லை என்று உறுதி செய்தார். கிளட்ச் பிடி, பிரேக் பிடி, டயர் காற்று எல்லாம் பார்த்தார். கியர் கம்பியை அவன் பாதத்துக்குப் பதமாக இறக்கி வைத்தார். பிறகு மூலைக்குப் போனார். அருள்மேரி வெட்டிப் போட்ட ஃபோம் துண்டுகள் ஒரு சாக்கில் இருந்தன. கேட்காமல் இரண்டை எடுத்துக்கொண்டார். அவளுடைய மணல் உறையையும் எடுத்தார். சுபாஷை அதன் மேல் உட்கார வைத்துக் குழியைப் பார்த்து, அவளுடைய கத்தியாலேயே அறுத்து ஒட்டினார்.

ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அருள்மேரி பூசை முடிந்து குடையோடு அந்த வழியாக வந்தாள். வாசலில் நின்றாள். ஃபோமைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், சுபாஷின் பக்கம் திரும்பினாள்.

"சுபாஷு, ராத்திரி நல்லாத் தூங்குனியா?"

"ஒம்பது மணி வரைக்கும் தூங்குனேன்க்கா."

அவள் அவன் காலைக் குனிந்து பார்த்தாள். "எல்லப்பண்ணே, காலப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேரியம்மா. ரெண்டு கீது."

சுபாஷ் வாய்விட்டுச் சிரித்தான். "எண்ணிப் பாத்துட்டீங்கன்னா செரி" என்று அருள்மேரி குடையை விரித்துக்கொண்டு போனாள். எல்லப்பனுக்கு அந்தப் பதில் சொன்னதில் அவ்வளவு நிறைவு. இரண்டு நாள் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து வரும்போது சுபாஷ் ஒரகடம் சந்திப்பில் விழுந்தான். கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்திருக்கிறான். கம்பெனியில் கொடுத்த, முனையில் இரும்பு வைத்த பாதுகாப்பு ஷூ காலில். இரண்டு நாளாகப் பாதத்தைச் சாய்த்து எப்படியோ சமாளித்தவன், களைப்பில் இரண்டாவது கியருக்குத் தூக்கப் பார்த்தால் ஷூ முனை கம்பிக்கு அடியில் நுழையவில்லை. குனிந்து பார்த்தான். அதற்குள் லாரி நின்றுவிட்டது. பிரேக்கை அழுத்தினான். மெத்தென்ற புது ஃபோமின் மேல் களைத்த உடம்பு வழுக்கி டேங்கில் மோதியது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. கடவுள் கிருபை, முழங்கால் சிராய்ப்போடும் உடைந்த கிளட்ச் பிடியோடும் போயிற்று.

"ஷூ உள்ள போவல மாமா" என்று போனில் அவன் சொன்னதுமே எல்லப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து, செருப்புப் போட்டுக்கொண்டு, பையில்லாமல் வந்த ஒருவனுக்கு அவர் வண்டியை அமைத்திருந்தார். அந்த மனிதன் வாரத்தில் ஆறு நாள் உலகத்திலேயே கிடையாது. அவள் மணலைத் திருடினார், ஃபோமைத் திருடினார், கத்தியைத் திருடினார். அவள் அளவெடுக்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள மறந்துபோனார்.

மறுநாள் காலையில் அம்சவல்லி கடைக்கு வந்துவிட்டாள்.

"எல்லப்பா, இன்னாடா பண்ணி வெச்ச எம் புள்ளைக்கு? சீட்டு வழுக்கி வுட்டுச்சாமே. யாரு போட்ட சீட்டு அது?"

எல்லப்பன் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "ஃபோம் அந்தம்மாதுதான்க்கா. அது பண்ற மாரியேதான் அறுத்து வெச்சேன்." ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பொய் இல்லை. சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய்.

அம்சவல்லி மூலைக்குத் திரும்பினாள். "ஏம்மா, நாலு துணி தெக்கத் தெரிஞ்சா போதுமா? வண்டிதான் கெடச்சுதா உனக்கு? எம் புள்ள லாரிக்கு அடியில போயிருந்தா நீ வந்து குடுப்பியா?"

அருள்மேரி மெஷினிலிருந்து கையை எடுத்தாள். எல்லப்பனைப் பார்த்தாள். எல்லப்பன் ஒரு ஸ்பேனரைப் பெட்ரோலில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். 

"ஆமாம்மா, ஃபோம் என்னுதுதான்" என்றாள் அருள்மேரி. "புள்ள அடுத்தாப்புல வேலைக்குப் போறப்போ, வேலை வுட்டு அப்பிடியே இங்க வரச் சொல்லுங்க. ஷூவக் கயட்டக் கூடாது, பைய எறக்கக் கூடாது."

"எதுக்கு, இன்னொரு தபா வுழறதுக்கா?"

"வுழுந்தா என் மேல வுழட்டும். நான்தான் நல்லா மெத்துனு கீறனே."

அம்சவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் எல்லப்பன் நடேசனிடம் போனார். பெரிய பொய்யைச் சரிசெய்யத் தைரியம் வராததால் சின்னப் பொய்யில் ஆரம்பித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். "பெரியவரே, அந்த மெத்த நான் தெச்சது இல்ல. மேரியம்மா தெச்சது."

"அது அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு நைனா" என்றார் நடேசன். "நீ பண்ணியிருந்தா அதுல நாலு நட்டு போல்ட்டு இருந்திருக்கும். தேங்க்ஸ் சொன்னா வாங்கிக்கினியேன்னு நானும் வுட்டுட்டேன்."

மூன்று நாள் கழித்து சுபாஷ் வந்தான். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வந்தவன், காலில் ஷூ, முதுகில் பை, பைக்குள் சாப்பாட்டுக் கேரியர். எல்லப்பன் ஏற்கெனவே வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து கிளட்ச் பிடியை மாற்றி வைத்திருந்தார். அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பார்த்த சுபாஷ் இவன் இல்லை. தோள் தொங்கியது. முதுகு வளைந்தது. இடுப்பு தானாக முன்னால் வழிந்தது.

அருள்மேரி எல்லப்பன் ஒட்டியதை ஒரே இழுப்பில் பிய்த்துக் கீழே போட்டாள். மணலை வைத்தாள். குழிகள் ஞாயிற்றுக்கிழமை விழுந்த இடத்தில் விழவில்லை, மூன்று விரல் முன்னால் விழுந்தன. கெட்டி ஃபோமை முன்னால் கொடுத்து, பின்னால் ஒரு பள்ளம் எடுத்து, மேலே மெல்லிசாக ஒன்றைப் போர்த்தினாள். எழுந்து நின்று பார்த்தாள். முகம் சரியில்லை.

"எல்லப்பண்ணே, வாங்க. சீட்டு ஒசந்துச்சு, இப்ப கை நேரா நீட்டிகிச்சு. இது என் கையில இல்ல."

எல்லப்பன் போனார். ஹேண்டிலைத் தளர்த்தி அரை விரல் பின்னால் திருப்பினார். பையோடும் கேரியரோடும் உட்கார்ந்ததில் பின்பக்கம் நாலு விரல் இறங்கியது. ஸ்பிரிங்கை ஒரு படி ஏற்றினார். ஏற்றியதும் சீட் மறுபடி முன்னால் சாய்ந்தது. அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். இப்படியே மூன்று சுற்று. அவள் ஒன்றை மாற்றினால் அவர் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. அவர் மாற்றியது அவளுக்கு வேலை வைத்தது. கடைசியில் எல்லப்பன் தரையில் மண்டியிட்டு, ஷூவோடு அவன் காலைப் பிடித்துக்கொண்டு கியர் கம்பியை மேலே ஏற்றினார். ஷூ முனை இப்போது தாராளமாக அடியில் நுழைந்தது. அந்த நேரத்திலும், அவள் எவ்வளவு லேசாக அறுக்கிறாள், கத்தி ஒரு இடத்தில்கூடத் திக்குவதில்லையே என்று அவர் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சுபாஷ் சாலை முனை வரை போய், வட்டமடித்துத் திரும்பி வந்தான். முகமெல்லாம் பல்.

"மாமா, வளைவுல நான் திருப்பவே இல்ல, நெனச்சேன், அதுவே திரும்பிச்சு." பிறகு இறங்கி, "அக்கா, ரொம்ப தேங்க்ஸ்" என்றான்.

எல்லப்பனுக்கு இரண்டாவதுதான் காதில் விழுந்தது. தேங்க்ஸை அவன் யாரைப் பார்த்துச் சொன்னான் என்பதை மட்டும் வீட்டுக்குப் போகும்வரை மென்றுகொண்டே போனார்.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டையில் அவர் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்சவல்லி வீட்டுக்குப் போய், தப்பு முழுக்கத் தன்னுடையது, அந்தம்மா அன்றைக்குச் சீட்டைத் தொடக்கூட இல்லை என்று சொன்னார்.

அம்சவல்லி அவரை நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்து, "இத எங்கிட்ட சொல்லி இன்னாடா ஆவப்போவுது? அங்க போய்ச் சொல்லு" என்றாள். அவள் மட்டும் மறுநாளே ஒரு முறம் முருங்கைக்கீரையோடு வந்து அருள்மேரியின் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எல்லப்பனுக்கு அந்த அளவுகூட முடியவில்லை. தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று வருவார். யாராவது வண்டியை நிறுத்திவிட்டு "அக்கா கீறாங்களா?" என்பான். சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும். சுபாஷின் லைன் ஆட்கள் நாற்பது பேரில் இருபத்தைந்து பேராவது வந்தார்கள். எல்லாரும் ஷிஃப்ட் முடிந்து, ஷூவோடு, பையோடு வந்தார்கள். இரண்டு பேருக்கும் கை ஓயாத வேலை. சேர்ந்து வேலை செய்தார்கள், சேர்ந்து டீ குடித்தார்கள். அந்த ஒரு பேச்சு மட்டும் இருவருக்கும் நடுவில் மூடிய பெட்டியாகக் கிடந்தது.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஃபெபிக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மகளைத் தனியாக விட மனமில்லாமல் அருள்மேரியும் கூடக் கிளம்பினாள்.

கிளம்பும் நாளன்று மத்தியானம் லோடு ஆட்டோ வந்தது. மெஷினின் மேல்பாகத்தை எல்லப்பனே கழற்றி, எண்ணெய் விட்டுத் துடைத்து, பழைய போர்வையில் சுற்றி ஏற்றினார். ஃபோம் சாக்கையும் கத்தியையும் மணல் உறையையும் ஏற்றினார். ஏற்ற இனி ஒன்றும் இல்லை. அருள்மேரி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எல்லப்பன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது விட்டால் பிறகு இல்லை.

"மேரியம்மா, அன்னிக்கு எங்க அக்கா உன்ன அவ்ளோ பேச்சு பேசுனதுக்குக் காரணம் நான்தான். நான்தான் உம் பேர இழுத்துவுட்டேன். பொறாமையில பண்ணிட்டேன்."

"தெரியும்ணே. அந்த ஃபோம அறுத்திருந்த லட்சணத்துல தெரியாதா?"

"அப்ப ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

அருள்மேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அவள் அவனைக் கையால் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"கேக்கத்தான் வாயத் தொறந்தேன். எனக்கும் உங்க மேல அதே வயித்தெரிச்சல் கீதேண்ணே, எந்த மூஞ்ச வெச்சிகினு கேப்பேன்? நீங்க செட் பண்ண வண்டிய ஓட்டறவன் ஒவ்வொரு வளைவுலயும் உங்கள நெனைக்கறான். என் சீட்டு நல்லா அமைஞ்சா, அது மேல ஒக்காந்துகினு கீறோம்னே மறந்துடறான். வலிச்சாத்தான் என் ஞாபகம் வரும். யாருக்கும் வலிக்கக் கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கறேன், வேற இன்னா பண்றது. செரிண்ணே, வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க."